தியெப் துறைமுகத்தை நான் கைவிட்ட கதை

எங்கள் கிடங்கின் சூப்பர்வைசர் ஒருநாள் என் தோளில் கை போட்டார். கனடாவில், புவாண்ட்-கிளேரில் பதினொரு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன். அந்தக் கை தோளில் விழுந்தால் என் ஞாயிற்றுக்கிழமை போச்சு. பெட்டி அடுக்கத்தான் கூப்பிடப் போகிறார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஒரு நாளைக்கு ஜெர்மன்காரனாய் இருக்க ஏலுமோ உம்மாலை?" என்றார்.

கேட்டது பிரெஞ்சில்தான். ஆனால் அவர் பேசினால் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுத் துறைமுகம் தியெப். அதைத் தாக்கக் கடல்வழியாகப் போய் இறங்கிய கனடியப் படை ஒரே காலைக்குள் சின்னாபின்னமாகிவிட்டது. செத்தவர்கள் போக, கைதானவர்களும் ஏராளம். அதில் ஒருவர் சூப்பர்வைசரின் அம்மப்பா. ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் இவரும் கூட்டாளிகளும் இல்-பிசார் ஆற்றங்கரையில் அந்தத் தோல்வியை நடித்துக் காட்டுவார்கள். கனடியராக வர ஆட்கள் முண்டியடிப்பார்களாம். ஜெர்மன்காரனாக வரத்தான் ஆள் கிடைப்பதில்லை.

"அம்மா ஒரு வருசமும் வந்து பார்த்ததில்லை. இந்தமுறை வாறன் எண்டு சொல்லிப்போட்டா. தன்ரை அப்பா பிடிபட்ட மாதிரியே நான் பிடிபடுறதை அவ பாக்க வேணும். நீர்தான் பிடிக்கிறது. சொதப்பிப் போடாதையும்."

வீட்டில் சொன்னதும் மனைவி அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்களை ஆரப்பா ஜெர்மன்காரன் எண்டு நம்புவான்?"

"இரும்புத் தொப்பி போட்டா ஆரும் ஜெர்மன்காரன்தான்."

"துவக்கை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டாவது தெரியுமோ?"

தெரியாதுதான். ஊரில் துவக்கைக் கண்டால் ஓடுவதுதான் என் வேலையாக இருந்தது. சிரித்து முடித்த கையோடு, படைகளுக்குப் பசிக்கும் என்று நூறு மட்டன் ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள்.

எனக்குத் தந்த கோட்டுக்குள் இன்னொரு ஜெர்மன்காரனும் குடியிருக்கலாம். கையில் மரத்துவக்கு. மணல்மூட்டைகளுக்குச் சாக்கு கொடுத்தது நான்தான் என்பதால், எதிரியைப் பார்த்தபடி எங்கள் அரணில் 'முதல்தரச் சம்பா' என்று தமிழில் எழுதியிருந்தது. கிடங்கில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பேர் என் பக்கம். சூப்பர்வைசரின் அம்மா மடக்குக் கதிரையில் முன்வரிசையில், ஒரு ரோல்சுடன்.

கனடியப் படை மூன்று கனூவிலும் சாம்பல்நிறம் பூசிய ஒரு மிதிபடகிலும் வந்தது. மிதிபடகில் சூப்பர்வைசர், முழங்கால் தாடையில் முட்ட மிதித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெர்மன்காரன் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன்.

அப்போதுதான் யாரோ சீனவெடியைக் கொளுத்தினார்கள்.

முதல் வெடி கேட்டது தெரியும். அடுத்து என் மூக்கு புல்லுக்குள் இருந்தது. காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கைகளில் ஊன்றிப் படுத்திருந்தேன். சின்ன வயதில் குண்டுவீச்சுக்குப் பழகிய படுக்கை. கடையில் வாங்கிய வெடி என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மற்ற இரண்டு ஜெர்மன்காரர்களும் இதுதான் ஒத்திகைப்படி என்று நினைத்துப் பக்கத்தில் படுத்துவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில் தியெப் கனடாவின் வசமானது. வெற்றிக்கு யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வீரர்கள் ஈரச் சப்பாத்துடன் நின்றார்கள்.

சூப்பர்வைசர் தண்ணீர் சொட்டச் சொட்ட என் தலைமாட்டில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். "எழும்படா! என்னைப் பிடியடா! அம்மா பாக்கிறா!"

எழும்ப முடியவில்லை. அவருடைய ஒரே ஆசையைக் கெடுத்துவிட்டேனே என்று வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

சூப்பர்வைசரின் அம்மா எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மெல்லக் குனிந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"அப்பாவும் இப்பிடித்தான். கதவு அடிச்சுச் சாத்தினாலே குசினி மேசைக்குக் கீழை போய்ப் படுத்திடுவார். வாயும் இப்பிடித்தான் திறந்திருக்கும். பகிடி விடுறார் எண்டு பிள்ளையள் நாங்கள் சிரிப்பம்." பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். "கையைக் கீழை போடு. உங்கள் எல்லாரிலும் இவர்தான் சரியாச் செய்தவர்."

மகன் கைகளைக் கீழே போட்டார். எங்களைப் பார்த்தபடியே புல்லில் உட்கார்ந்தார்.

அதற்குள் மனைவி ரோல்ஸ் தட்டோடு வந்துவிட்டாள். "வாய் திறந்துதானே கிடக்கு" என்று ஒன்றை என் வாய்க்குள் திணித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய இரண்டு முழங்கைகளிலும் புல் ஒட்டியிருந்தது.