மாமனாரை வீழ்த்தும் வழி

என் தம்பிக்கு வேலை, வீடியோ கேமில் வரும் எதிரிகளிடம் அடி வாங்குவது. யாராவது விசாரித்தால் நான் இப்படித்தான் தொடங்குவேன். அவர்கள் சிரித்து முடித்ததும் மீதியைச் சொல்வேன். கேம் தயாரிக்கும் கம்பெனியில் புதிதாக ஓர் எதிரியை உருவாக்கினால் முதலில் தம்பியிடம்தான் அனுப்புவார்கள். அந்த எதிரி எப்போது கை ஓங்குகிறான், எந்தப் பக்கம் அசந்திருக்கிறான், எங்கே அடித்தால் சாய்வான் என்று கண்டுபிடித்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒரு தீர்ப்பும் எழுதுவான். அதை வைத்துத்தான் மற்றவர்கள் எதிரியின் வேகத்தைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள்.

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். தெருமுனையில் இருந்த கேம் கடையில் மற்றப் பிள்ளைகள் பட்டனைப் போட்டு உடைப்பார்கள். இவன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எதிரியை மட்டும் பார்ப்பான். "அவன் அடிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறான்க்கா" என்று வீட்டுக்கு வந்து சொல்வான். நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டு, ஜன்னல் திரை தைக்கும் கடைக்குப் போனவள். எனக்கு அந்த ஆட்டம் புரியவில்லை. ஆனால் துணியை இரண்டு தடவை அளந்த பிறகே கத்தரியைத் தொடுகிறவள் நான். இவனும் நம்ம ரகம்தான் என்பது மட்டும் புரிந்தது.

அம்மா இறந்தபோது ஆஸ்பத்திரி வேலை முழுவதையும் அவனே பார்த்தான். வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டான். அழவில்லை. "கல்லு மாதிரி இருக்கான் பாரு" என்று சித்தி என் காதில் சொன்னாள். காரியங்கள் முடிந்ததும் வேலைக்குப் போனான், வந்தான், தட்டைக் கழுவி வைத்தான். ஒரு நாள் நான் சமையலில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவன் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு, நான் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது கேமின் கடைசி எதிரி அவனிடம் வந்தான். ஆளுயரத்தைப் போல் மூன்று மடங்கு, இரும்பு உடம்பு, கையில் சுத்தியல். கோட்டை வாசலில் நின்றுகொண்டு யாரையும் உள்ளே விடமாட்டான். அதனால் ஆபீசில் அவனுக்கு 'மாமனார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பி அவனைச் சுலபமாக வீழ்த்திவிட்டு 'எளிது' என்று எழுதிக் கொடுத்தான். அவர்களும் அதை நம்பி மாமனாரின் வேகத்தைக் கூட்டினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மேனேஜரம்மா போன் செய்தார். தம்பி துணி மடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமனார எளிதுன்னு எழுதியிருக்கீங்க. விளையாடிப் பார்க்க வெளியில இருந்து கூட்டிட்டு வந்தவங்கள்ல ஒருத்தர்கூட அவரத் தாண்டல. ஒருத்தர் டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரு, வரவே இல்ல."

"எனக்கு எளிதாத்தான் இருந்துச்சு மேடம்."

"அதான் எனக்கும் புரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன தப்புன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா உங்க இடத்துக்கு வேற ஆளப் பாருன்னு மேல சொல்லிட்டாங்க. நான் எவ்வளவுதான் பேசறது?"

"சரி மேடம்" என்றான். அடுத்த சட்டையை எடுத்து மடித்தான்.

"வேலையே போயிடும்ங்கறாங்கடா" என்றேன்.

"கேட்டுச்சு."

"பயமா இல்லையா உனக்கு?"

அவன் மடிப்பதை நிறுத்தினான். சட்டைக் கையைப் பிடித்தபடி யோசித்தான். "இல்ல" என்றான். பிறகு சட்டையை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, நீ வந்து உக்காரு. நீ விளையாடு."

"நானா? எனக்கு டிவி ரிமோட்டே தகராறு."

"அதான் வேணும்."

கன்ட்ரோலரை என் கையில் திணித்து, எந்தப் பட்டன் தாவுவதற்கு, எது அடிப்பதற்கு என்று சொல்லிக் கொடுத்தான். மாமனார் வாயைத் திறந்து உறுமினார். நான் கையில் கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்கினேன். திரையில் இருந்த என் ஆள் எகிறிக் குதித்து, நேராகச் சுத்தியலுக்கு அடியில் போய் இறங்கினான். மறுபடியும் அதேதான். அதற்கடுத்த தடவையும் அதேதான்.

"துணி வெட்டுறப்போ இவ்வளவு அவசரப்படுவியா நீ?"

"துணி என்னப் பார்த்துக் கத்தாதுடா."

தம்பி திரையைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் உறுமுறப்போ உன் தோள் மேல ஏறுது. விரல் தானா அமுக்குது. அந்த நேரத்துல தாவுனா, கீழ இறங்குறப்போ சுத்தியலும் வந்து சேருது. எல்லாரும் இதுலதான் செத்திருக்காங்க."

"நீ தாவலையா?"

"இல்ல. சத்தம் கேட்டுச்சு. ஆனா எனக்குள்ள ஒண்ணும் ஆகல. நின்னுட்டே இருந்தேன். சுத்தியல் வந்தப்போ நகர்ந்தேன்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பயந்தவங்களுக்குத்தான்க்கா அவர் கஷ்டம்."

வெள்ளிக்கிழமை அவன் அதையே எழுதிக் கொடுத்தான். வேகத்தைப் பழையபடி குறைக்க வேண்டும். சுத்தியல் இறங்குவதற்கு முன் மாமனாரின் இடது குதிகால் தரையில் இழுபட்டுப் புழுதி கிளம்ப வேண்டும். உறுமலைப் போகவிட்டு, காலைப் பார்த்துக் காத்திருப்பவன், புழுதி கிளம்பியதும் உள்ளே உருண்டு முழங்காலின் பின்பக்கம் அடிக்கலாம். அவன் எளிது என்று எழுதியதை அடித்துக் கடினம் என்று மாற்றினான். "பயத்தைப் பொறுத்தவரை இப்போதைக்கு என் தீர்ப்பை நம்பவேண்டாம்" என்றும் கீழே சேர்த்தான். அந்த வரியை எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்?

வேலை போகவில்லை. எதிரியை வீழ்த்தும் வழியை அவனே கண்டுபிடிக்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். எளிதா கடினமா என்பதை மட்டும் கொஞ்ச காலம் வேறொருவர் சொல்லட்டும் என்றார்கள். அதற்கும் சரி என்றான்.

மாற்றியமைத்த மாமனாரை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடியும் என்னை உட்கார வைத்தான். உறுமினார். பல்லைக் கடித்துக்கொண்டு எந்தப் பட்டனையும் அமுக்காமல் இருந்தேன். குதிகால் இழுபட்டது, புழுதி வந்தது, உருண்டேன், அடித்தேன். ஒரு வழியாக மாமனார் மண்டியிட்டுச் சாய்ந்தார். என் உள்ளங்கை ஈரமாகியிருந்தது.

"அவர் கத்துனப்போ எப்படி இருந்துச்சு?" என்று தம்பி கேட்டான்.

"பயமாத்தான் இருந்துச்சு."

"எங்க? நெஞ்சுலயா, வயித்துலயா?"

யோசித்துப் பார்த்து, தொப்புளுக்கு மேலே தொட்டுக் காட்டினேன். அவன் தன் உடம்பில் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, ஆட்டத்தை மறுபடி தொடங்கச் சொன்னான். மாமனார் உறுமினார்.

"இங்க ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

கையை மட்டும் எடுக்கவில்லை. நான் இன்னொரு தடவை தொடங்கினேன்.