நான் போட்ட தையல்

ஆர்.எஸ்.புரத்தில் நான் நர்ஸாக இருந்த சிறிய ஆஸ்பத்திரியில், ஓர் ஆபரேஷனை முடித்துவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் டாக்டரம்மா சுவரைப் பார்த்து நின்ற காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

மேஜையில் மயக்கத்தில் கிடந்தவள் அன்னூர்ப் பக்கத்துப் பெண். புருஷனுக்குப் பீளமேட்டில் மில் வேலை. நான்கு வருஷத்துக்கு முன் டாக்டரம்மா கையால்தான் அவளுக்குச் சிசேரியன் நடந்தது. குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோனது. தையலில் சீழ் வைத்து, ஆற ஒரு மாதமானது. அதன்பின் அவள் உண்டாகவே இல்லை. மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

கர்ப்பப்பை பழைய தழும்போடு வயிற்றுச் சுவரில் ஒட்டிக் கிடந்தது. கருக்குழாய்கள் இரண்டும் மடங்கி அதில் சிக்கியிருந்தன. மூன்று மணி நேரம், இழை இழையாகப் பிரித்தெடுத்தார் டாக்டரம்மா.

வெளியே குடும்பம் காத்திருந்தது. உள்ளே ஒட்டியிருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று மட்டும் சொன்னால் போதாதா என்று தயங்கிக் கேட்டேன்.

“அப்படிச் சொன்னா பழி அந்தப் புள்ள மேலயே நிக்கும் சிஸ்டர்,” என்றார்.

மாமியாரை எதிரில் உட்காரவைத்தார். “உங்க மருமககிட்ட ஒரு குறையும் இல்லைங்க. நான் போட்ட தையல்ல சீழ் வெச்சு, உள்ளே எல்லாம் ஒட்டிப்போச்சு. இப்பப் பிரிச்சு விட்டிருக்கேன். ஒரு வருஷம் பொறுங்க.”

அந்த அம்மா சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவரோ, “இத்தன நாளா நான் அவளைத்தானுங்க வைஞ்சுட்டிருந்தேன்,” என்றார்.

அடுத்த வருஷம் அவள் உண்டானாள். பழைய தழும்பு இருப்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. “உள்ளதச் சொன்னவங்க நீங்க. நீங்களே பாருங்க,” என்றாள். மூத்த டாக்டர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்தார். பெண் குழந்தை.

அதன்பிறகு சரவணம்பட்டிவரை எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டேன். அப்படி ஒரு டாக்டர் சொல்லி மறுபடி கேட்டதில்லை. ஒன்றை மட்டும் அவரிடம் நான் கடைசிவரை பேசவில்லை. முதல் சிசேரியனுக்குப் பிறகு அந்தத் தையலுக்குத் தினமும் கட்டு மாற்றியவள் நான். சீழ் எதனால் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டு மாற்றியது யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அன்று அந்தக் குடும்பத்தின் முன் ‘நாங்கள்’ என்றுகூட அவர் சொல்லவில்லை.