அறுபத்தேழு குமிழ் நீளக் கார்

என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது, நாங்கள் இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றபோது ஸ்டீரிங் மேலேயே சாய்ந்துவிட்டாராம். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். அதற்குள் வலது கையும் பேச்சும் போய்விட்டன. வயது நாற்பத்தேழு.

அண்ணிதான் போன் செய்தார்.

"உங்கண்ணனுக்கு முடியல. ஆஸ்பத்திரில இருக்கோம். வரணும்னு தோணுச்சுன்னா வா."

பெரம்பலூரில் நான் வேலை பார்ப்பது வீடுகளுக்கு வரைபடம் போட்டுத்தரும் ஒரு சின்ன ஆபீஸில். அப்போது கம்ப்யூட்டரில் யாருடைய சமையலறைக்கோ ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு, குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம் போய்க்கொண்டே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று அரியலூர் வரைக்கும் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பேசாமல் போனதற்குக் காரணம் இதுதான். என்னை ஆண்டிமடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முந்திரித் தோப்பு, சொந்த வீடு எல்லாம் இருந்தது. என் வீட்டுக்காரர் கைநீட்டுகிற மனுஷன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பதினாலு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மகள் அப்போது எட்டாவது படித்தாள். அண்ணன் சோறு போட்டார், சாயங்காலம் வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு பாப்பா, நானே கொண்டுபோயி விடறேன். எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். சொன்னபடியே பஸ்ஸில் கூட்டிப்போய், அந்த வீட்டு வாசலில் என்னை விட்டுவிட்டுத் திரும்பினார்.

மூன்று மாதம் கழித்து யாரிடமும் சொல்லாமல் மகளோடு பெரம்பலூருக்கு வந்துவிட்டேன். அண்ணன் பலமுறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். "லோடு" என்றார். அது தவறு என்று அவருக்கே தெரிந்தது. மறுபடி முயன்றார். "லோடு... லோடு." நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், நினைப்பதும் சரியாகவே நினைப்பார், சொல்ல வரும்போதுதான் சொல் மாறிவிடும் என்று டாக்டர் விளக்கினார். பசித்தாலும் லோடு, ஃபேனைப் போடச் சொல்வதும் லோடு. அதோடு "ஆமா", "இல்ல" என்ற இரண்டும் மிஞ்சியிருந்தன. ஒரு டீக்கடையையே உட்கார்ந்த இடத்தில் சிரிக்கவைத்த மனுஷன் அவர்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். அண்ணி சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். வாரத்தில் அந்த ஒருநாள்தான் வீட்டு வேலையைப் பார்க்க முடியும். நான் அண்ணனோடு இருந்தால் அவருக்குத் துணி துவைக்கவாவது நேரம் கிடைக்கும். பிசியோதெரபி சொல்லித்தந்த பெண், சின்னச் சின்னப் பொருள்களை வலது கையால் எடுத்து வைக்கப் பழக்குங்கள் என்றார். என் வீட்டில் மகளுடைய பழைய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன, ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்துகிற மாதிரியானவை. மகள் திருச்சியில் காலேஜ் படிக்கிறாள், இனி அவளுக்கு அது எதற்கு என்று கொண்டுபோனேன்.

முதலில் அவருக்கு அவமானமாக இருந்தது. டப்பாவைக் காலால் தள்ளிவிட்டார். மூன்றாவது வாரம், போனில் அந்தக் கட்டைகளை வைத்து என்னென்ன செய்கிறார்கள் என்று காட்டலாமென ஒரு வீடியோவைப் போட்டேன். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் கட்டைகளாலேயே ஒரு சூப்பர் கார் கட்டியிருந்தார். தரையோடு ஒட்டிய இரண்டு சீட்டுக் கார். உள்ளே மோட்டார், கியர் பாக்ஸ். ரிமோட்டை அழுத்தினால் ஓடியது, வளைந்தது, கதவுகள் மேல்நோக்கித் திறந்தன. அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார். நாலு தடவை பார்த்தார். பிறகு இடது கையால் திரையைத் தட்டி, தன் நெஞ்சைத் தட்டி, என்னைக் காட்டினார்.

"இதையா? நம்மளா? இது எவ்ளோ பெரிய வேலைண்ணே."

"ஆமா" என்றார். அந்தச் சொல் மட்டும் சரியாக வந்தது.

அப்படித்தான் திட்டம் போட ஆரம்பித்தோம். முதலில் சக்கரம். மோட்டார், பல்சக்கரம், டயர் என்று கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்ததில், பெரிய டயரின் விட்டம் எட்டு சென்டிமீட்டர். நிஜக் காரின் டயர் அறுபத்தெட்டு. அப்படியென்றால் எல்லாவற்றையும் எட்டரையில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அந்தக் கட்டைகளின் மேல் வரிசையாகப் புடைத்திருக்கும் குமிழ்களில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு மில்லிமீட்டர். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். நீளம் அறுபத்தேழு குமிழ், அகலம் இருபத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை கட்டம்போட்ட தாளை விரித்து இதைச் சொன்னபோது அண்ணன் இருபத்தொன்பதின் மேல் விரலை வைத்து, நடுவில் நேராக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். ஒற்றைப்படை என்பதால் நட்டநடுவில் ஒரு வரிசை கிடைக்கும், என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை அதில் விடலாம் என்று எனக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது.

பதினொரு தாள்கள் வரைந்தோம். மேலிருந்து பார்ப்பது, பக்கத்திலிருந்து பார்ப்பது, கியர் பாக்ஸ் தனியாக. வீடு வரைகிறவளுக்கு வண்டியின் வயிறு தெரியாது. இருபத்து மூன்று வருஷம் ஓட்டிய அவருக்கு அது உள்ளங்கை மாதிரி தெரியும், சொல்லத்தான் முடியாது. பேட்டரிப் பெட்டியைப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் போட்டிருந்தேன். அண்ணன் "இல்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். எழுந்து, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போய், ஒரு ஸ்கேலையும் பருப்பு டப்பாவையும் கொண்டுவந்தார். ஸ்கேலை ஒரு கட்டையின் மேல் வைத்து, பின்முனையில் டப்பாவை இறக்கினார். முன்முனை மேலே தூக்கிக்கொண்டது. அதைக் காட்டி, "லோடு" என்றார்.

அன்று அந்தச் சொல் அதன் சொந்த அர்த்தத்திலேயே வந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அண்ணன் சிரித்துவிட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி, என்ன சத்தம் என்று வந்து எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

இன்னொரு ஞாயிறைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஐப்பசி மாதம், மத்தியானம். வெளியே தூறல். அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். முன்சக்கரம் எவ்வளவு வளைய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். என் வெறுங்கழுத்தைக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டினார், தெருவைக் காட்டினார், பஸ் ஓடுவதுபோலக் கையை அசைத்தார். கடைசியில் தன் நெஞ்சில் விரலை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"லோடு" என்றார். "லோடு... பா... லோடு." கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஏதோ சொல்ல வந்தார். உதடு கோணியது, சொல் வரவில்லை. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என்ன பேசுகிறார் என்றுதான் தெரியவில்லை. தப்பு பண்ணிவிட்டேன் என்கிறாரா? அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை என்கிறாரா? போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறாரா? ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கலாம். ஆமா, இல்ல என்று பதில் சொல்லும் அளவுக்கு அவரிடம் பேச்சு இருந்தது. பத்து நிமிஷம் போதும். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டால் நான் உடனே கொடுத்தாக வேண்டும், அதற்கு நான் தயாராக இல்லை என்று தோன்றியது. நோயாளி முன்னால் பொய்யும் சொல்ல முடியாது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

"சரி விடுண்ணே. அழுவாத. ஸ்டீரிங்கைப் பாப்போம், வா."

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வேலை முடிகிறவரை நிமிரவே இல்லை.

கார்த்திகை கடைசியில் அடித்தளம் தயாரானது. மேலுடம்பு இல்லை, கதவு இல்லை. நாலு சக்கரம், மோட்டார், நடுவில் பேட்டரி, கியர் பாக்ஸ், அவ்வளவுதான். கட்டைகளைக் கோர்க்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் ஊசியையும் அண்ணன் வலது கையாலேயே பொருத்தினார். ஒன்றைப் பொருத்தச் சில சமயம் கால் மணி நேரம் ஆகும். சிமெண்ட் தரையில் வைத்து ரிமோட்டை அவரிடம் கொடுத்தேன். அழுத்தினார். கார் இரண்டடி போயிற்று. பிறகு உள்ளே கடகடவென்று சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நின்றுவிட்டது. எடை தாங்காமல் பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வழுக்கின.

நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் காரைக் கவிழ்த்துப் போட்டு, வழுக்கிய இடத்தைத் தொட்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக் காட்டினார். அச்சுக்கு ஒரு பக்கம்தான் தாங்கல் கொடுத்திருந்தோம், இரண்டு பக்கமும் வேண்டும். பன்னிரண்டாவது தாளில் அதை வரைந்தேன்.

"அடுத்த வாரம் போட்டுருவோம்ணே."

"ஆமா."

புதன்கிழமை காலையில் பல் துலக்கிவிட்டு நாற்காலிக்கு வந்தவர் உட்காரவில்லை, விழுந்துவிட்டார். இந்த முறை திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். கண் திறக்கவே இல்லை. உள்ளே போய்ப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். வாயில் குழாய் இருந்தது. குனிந்து காதருகே சொன்னேன்:

"அன்னிக்கி ஏதோ சொல்ல வந்தியே. சொல்லுண்ணே. இப்பக் கேட்டுக்கறேன்."

பக்கத்துப் படுக்கையில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாலாவது நாள் அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம். நான் கேட்டேன்.

"அண்ணி, என்னைய ஆண்டிமடத்துல விட்டுட்டு வந்தது பத்தி அவரு உங்ககிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்காரா? நல்லாயிருந்தப்ப?"

அண்ணி பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி ராத்திரி வூட்டுக்கு வந்து சாப்புடல. அதுக்கப்புறம் ஒன் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. என்னா நெனச்சாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எங்கிட்ட சொல்லல."

பிறகு சொன்னார்: "நீ ஞாயித்துக்கெழம வர்றேன்னா சனிக்கெழமையே சேவிங் பண்ணச் சொல்லித் தாடையத் தடவிக் காட்டுவாரு. அது தெரியும்."

ஆறுதலுக்காக அவர் எதையும் ஜோடித்துச் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனாலும் அன்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றுகிறது.

கார் அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்தபடி இருந்தது. எடுத்தேன். பன்னிரண்டாவது தாளைப் பார்த்து, அச்சின் இரண்டு பக்கமும் தாங்கல் வைத்தேன். அரைமணி நேர வேலைதான். தரையில் வைத்து ரிமோட்டை அழுத்தினேன். வழுக்கவில்லை. கூடத்தின் நீளம் முழுக்க, கட்டில் காலைத் தாண்டி, சுவர் வரைக்கும் நேராக ஓடி முட்டி நின்றது. முட்டிய பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

அண்ணி ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "போதும், அணைச்சிடு" என்றார். அணைத்தேன்.

மேலுடம்பை நான் வரையவில்லை. கதவு எங்கே மடங்க வேண்டும், கண்ணாடி எவ்வளவு சாய வேண்டும் என்று யோசித்தால் ஒருவேளை என்னால் முடியும். தாளை விரித்தால் முன்சக்கரம் வரைந்த அந்தப் பக்கம்தான் முதலில் வருகிறது. வளைவுக்கான கோடுகள் அதில் அழுத்தமாக, தாள் கிழிகிற அளவுக்கு விழுந்திருக்கின்றன. அன்று மத்தியானம் நிமிராமல் அவர் போட்டவை. அதைப் பார்த்ததும் தாளைச் சுருட்டி வைத்துவிடுகிறேன்.