இரண்டு அங்குலம் இறக்கிய கார்

ஹட்டனில் ஒரு கராஜில் என் காரை ஜாக்கியிலிருந்து இறக்கிய நிமிடம் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டேன். இரண்டே கதவுள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. ஸ்பிரிங்குகளை மாற்றி, இரண்டு அங்குலம் இறக்கியிருந்தோம். காலையில் சாதாரணமாக உள்ளே போன வண்டி மாலையில் தரையோடு பதுங்கி நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையும். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரோட்டுல ராஜா மாதிரி போவீங்க. தோட்டத்துக்குள்ள மட்டும் பாத்துப் போங்க."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அன்று கொட்டகலைக்கு ஓட்டி வந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. முன்பெல்லாம் வளைவில் திருப்பினால் கார் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்துவிட்டுத்தான் திரும்பும். இப்போது ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே திரும்பியது. சாய்வு இல்லை, ஆட்டம் இல்லை, ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போனது. வளைவுகளில் ஓட்டுவதற்காக மட்டுமே இறம்பொடை வரை சும்மா போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

சும்மா கிடைக்குமா இந்தச் சுகம்? ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்லும் முதுகெலும்பில் வந்து வணக்கம் சொன்னது. கடைத்தெருவில் வேகத்தடை வந்தால் காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அதற்குள் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே என் பரம்பரையை விசாரித்துவிடுவார். அதையெல்லாம் நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோடு வேறு கதை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அதன் குறுக்கே மூன்று இடத்தில் கான் வெட்டியிருக்கிறார்கள். நான் மட்டும் இருந்தால் கார் கோணலாக இறங்கி ஏறிவிடும். பின் சீட்டில் ஆள் இருந்தால் அடிப்பகுதி கல்லில் இழுபடும். ஆனால் எங்கள் பக்கம், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகிற வண்டி எதுவானாலும் வழியில் நடப்பவர்களை ஏற்றிக்கொள்ளும். யாரும் கை காட்டுவதில்லை. வண்டி தானாக நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள், கூடவே அரிசி மூட்டையும் ஏறும். கார் இறங்கிய பிறகு நான் நிறுத்துவதை நிறுத்திவிட்டேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்கா ஒருவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கார எறக்குனீங்க சரி தம்பி, எங்களையும் சேத்துல்ல எறக்கி விட்டுட்டீங்க!" நானும் சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

பிறகு தங்கையின் கல்யாணம் வந்தது. பொண்ணை அழைத்துப் போக வேன் பிடிக்கலாம் என்றார் அம்மா. தங்கை ஒரே பிடியாக நின்றாள்.

"அண்ணே, நான் ஒங்க கார்லதான் கோயிலுக்குப் போவேன். நம்ம லயத்துல எந்தப் பொண்ணு சொந்த அண்ணன் கார்ல போயிருக்கா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை அப்படி இறக்கிவிடுவதற்காகவே கார் வாங்கியதுபோல இருந்தது. முதல் நாள் மாலை கீழே கோயில் வரை ஓட்டிப் பார்த்தேன். மூன்று கானையும் கார் வெண்ணெயாகக் கடந்தது. தனியாக ஓட்டிப் பார்த்தால் அது பார்த்ததே ஆகாது என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

கல்யாணக் காலை. முன் சீட்டில் பட்டுச்சேலையில் தங்கை. பின்னால் அம்மா, சித்தி, அவர்கள் மடியில் தாம்பாளங்கள். லயத்து ஆட்கள் தப்படித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார்கள். முதல் கானில் சக்கரம் இறங்கியதுமே அடியில் கர்ரென்று ஒரு சத்தம். எல்லாரும் இறங்க வேண்டியதாயிற்று. இரண்டு கதவுக் கார் அல்லவா? முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர்கள் வெளியே வர முடியும். ஆகவே முதலில் இறங்கியது கல்யாணப் பொண்ணு. காரைக் காலியாகக் கானைத் தாண்டவைத்து, எல்லாரையும் மறுபடி ஏற்றுவதற்குள் தப்புக்காரர்கள் எங்களைத் தாண்டிவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் அவர்களைப் பிடித்தோம். இரண்டாவது கானில் மறுபடி இறங்கினோம், அவர்கள் மறுபடி தாண்டினார்கள்.

கொழுந்துக்கார அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாங்க முன்ன போயி மாப்பிள்ளகிட்ட சொல்லிர்றோம். நீங்க ஆற அமர வாங்க!"

ரோடே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. "ஏறும்மா, ஏறு" என்றேன். தங்கை ஏறவில்லை. சேலைக் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற கூட்டத்தைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அவுங்க நம்மள விட வேகமாப் போறாங்க."

சொல்லிவிட்டு ஓடினாள். அம்மாவும் சித்தியும் தாம்பாளங்களோடு பின்னால் போனார்கள். பொண்ணு நடுவில் வந்து சேர்ந்ததும் தப்புச் சத்தம் இரண்டு மடங்காயிற்று. குலவை கிளம்பியது. அந்த அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி நடந்தாள் தங்கை. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

பூச்சரம் கட்டிய காரை அவர்கள் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது கான் வந்தது. கார் கோணலாக இறங்கி, ஏறி, எங்கேயும் உரசாமல் கடந்தது. உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை.