எனக்கு மட்டும் லீவு

எங்கள் பாடன் நகரத்தில் கோடை தொடங்கும் நேரம் ஒரு வியாழக்கிழமை விடுமுறை வரும். கத்தோலிக்கப் பெருநாள். கடை பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. ரயில் ஏறிக் கால்மணி நேரம் போனால் சூரிச் கன்டோன், அடுத்த மாநிலம். அங்கே அன்றைக்கு எல்லாரும் வேலைக்குப் போவார்கள். ஒவ்வொரு கன்டோனும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிற நாடு இந்தச் சுவிஸ். இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே, ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையில் பெருநாள் முடிந்து வேலைநாள் தொடங்கிவிடும். இப்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். எட்டு வயதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. அப்பாவுக்கு ஒரு பேக்கரியில். இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், சூரிச்சில். வீடும் நானும் இந்தப் பக்கம். அந்த வருஷம் என்னை வழமையாகப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரர் நீண்ட விடுமுறை என்று தெற்கே டெசின் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளைகள் காப்பகமும் பூட்டு. ஆக, நாள் முழுக்க நான் தனியே.

விடியற்காலையிலேயே அப்பா சட்டம் போட்டார். "ஆர் பெல் அடிச்சாலும் திறக்கக்கூடாது. போன் எடுக்கக்கூடாது. திரைச்சீலையை விலக்கக்கூடாது. ஒருத்தரும் இல்லாத வீடு மாதிரி இருக்கவேணும், விளங்கிச்சுதோ?"

"ஏனப்பா?"

"சின்னப்பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போனது தெரிஞ்சால் ஆக்கள் வந்து உன்னைக் கொண்டு போயிடுவினம்."

எந்த ஆட்கள், எங்கே கொண்டு போவார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, பிட்டும் முட்டைப்பொரியலும் மேசையில் மூடி வைத்திருப்பதை இரண்டு தரம் காட்டிவிட்டுப் போனார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களைக் கன்டோன் கன்டோனாகப் பிரித்து அனுப்பியபோது இன்டர்லாக்கன் இருக்கிற பேர்ன் கன்டோன் அவருக்கு விழுந்தது. அக்காவோடு இருக்க விடுங்கள் என்று மன்றாடிப் பார்த்தாராம். கணவன், மனைவி, பிள்ளைகள் என்றால்தான் குடும்பம், அக்கா தம்பி அதற்குள் வராது என்று சொல்லிவிட்டார்களாம். என்ன கண்றாவிச் சட்டமோ! தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்தவர் என் அம்மா. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாமாவுக்கு லீவு கிடைப்பது திங்கள், செவ்வாய் போன்ற நாட்களில். அம்மாவுக்கு ஞாயிறு. அதனால் அவர் வந்தாலும் அரைகுறையாகத்தான் காண்பார்கள். வரும்போதெல்லாம் ஹோட்டல் காலைச் சாப்பாட்டுக்கு வைக்கிற குட்டி ஜாம் போத்தல்கள் கொண்டுவருவார். "என்ன சுவிஸ்காரி, சோறு தின்னுறியோ, இல்லை, சீஸ்தானோ?" என்று என் மூக்கைப் பிடித்து ஆட்டுவார். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்காகவே அவர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வியாழனுக்குச் சில நாள் முன்னர் மாமா எங்களுக்குப் போன் எடுத்தபோது நான்தான் முதலில் கதைத்தேன். "மாமா, வியாழக்கிழமை எங்களுக்கு லீவு!"

"உண்மையாவோ? இங்க ஒண்டுமில்லையே. அங்க எல்லாருக்கும் லீவோ?"

"ஓம், எல்லாருக்கும்!"

எனக்கு எல்லாரும் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள். அவருக்கு எல்லாரும் என்றால் அக்கா.

அன்றைக்குக் காலை தெருவில் பேண்ட் வாத்தியம் கேட்டது. சுவாமி ஊர்வலம் போகிறது என்று தெரியும். போய்ப் பார்க்க ஆசையென்றால் அப்படி ஓர் ஆசை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கால் நுனியில் நின்றுகொண்டு கேட்டேன். சத்தம் தூரமாகிக் கடைசியில் நின்றது. அதன் பிறகு வீட்டில் குளிர்பெட்டி உறுமுவது மட்டும்தான். டிவியைச் சத்தம் இல்லாமல் போட்டு, அதில் கதைக்கிறவர்களுக்கு நானே மனதுக்குள் தமிழில் கதை சொன்னேன். அது அலுத்துப்போய்ச் சும்மா அழுதேன்.

அப்போதுதான் பெல் அடித்தது.

எங்கள் பெல் கீழ்வாசலில் இருந்தது. மேலே மணிச்சத்தம் மட்டும் வரும், குரல் வராது. நான் டிவியை நிறுத்திவிட்டு சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டேன். திரும்ப அடித்தது. நீளமாக அடித்தது. பிறகு போன். போன் ஓய, பெல். ஐயோ, ஆட்கள் வந்துவிட்டார்கள், என்னைக் கொண்டு போகப்போகிறார்கள் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. மத்தியானம் தாண்டி ஒரேயொரு தரம் மட்டும், மெல்லமாக, மறுபடி அடித்தது. நான் பிட்டைத் தொடவேயில்லை.

பின்னேரம் அம்மாவும் அப்பாவும் ஒன்றாக வந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு பெரிய பை. கடிதப்பெட்டிக்குக் கீழே பார்சல் வைக்கும் தட்டுக்குள் திணித்திருந்ததாம். உள்ளே ஜாம் போத்தல்கள், கத்தரிக்காய்ப் பொரியல் ஒரு டப்பா, அடியில் மாமாவின் தடித்த பனிக்கால ஜாக்கெட். வெயில் காலம்தானே, இனி எதற்கு ஜாக்கெட், அதுதான் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

வேலையிடத்தில் அம்மாவின் போன் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அதில் மாமா எடுத்த அழைப்புகள் வரிசையாக நின்றன. அம்மா திருப்பி எடுத்தார். மாமாவின் போன் அணைத்துக் கிடந்தது. எடுத்துக்கொண்டேயிருந்தார்.

மாமாவின் அகதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், அன்றைக்கு இரவே அவர் நாட்டைவிட்டுப் போனார் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டவை. போனில் சொல்லாமல், லீவு நாளில் அக்காவோடு ஒரு நாள் இருந்து சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். மத்தியானம் தாண்டியும் கனநேரம் கீழ்ப்படியில் இருந்தாராம், எதிர்வீட்டுக் கிழவர் சொன்னார். இரண்டு மாடிக்கு மேலே நான். இப்போது மாமா கனடாவில். அம்மா இன்னும் அவரை நேரில் காணவில்லை.

அன்றைக்கு அம்மா ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "பிள்ளை, பெல் அடிச்சதோ?"

"ஓமம்மா, கனதரம் அடிச்சது! நான் திறக்கேல்லை. போனும் எடுக்கேல்லை. ஆடாமல் அசையாமல் இருந்தனான்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா என்னை இழுத்து நெற்றியில் கொஞ்சி, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நிற்கவேயில்லை. தண்ணீரை வீணாக்காதே என்று எனக்குச் சொல்கிற அம்மா ஏன் இப்படி விட்டுக்கொண்டிருக்கிறார் என்று யோசித்தேன்.

ஜாம் போத்தல்களை மேசையில் நிறம் நிறமாக அடுக்கினேன். மாமா அடுத்த முறை வரும்போது முதல் வேலையாக இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்: யாரோ என்னைப் பிடிக்க வந்து நாள் முழுக்க பெல் அடித்தார்கள், நான் அகப்படவேயில்லை என்று.