அறுபத்தெட்டு வயதுத் தசை

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். நான் மெச்சுகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

என் மருமகள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்க்கிற டெக்னீஷியன். பன்னிரண்டு வருடமாக அதே வேலை. துளித்துளியாகத் திரவம் அளக்கிற பிப்பெட்டை அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட, செல்லுக்குத் தீனி மாற்ற வேண்டும் என்று ஓடுவாள். என் தம்பி மகள் கல்யாணத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள். அன்று நான் திட்டிய திட்டு மண்டபத்துக்கே கேட்டது.

அவள் வளர்ப்பது தசையின் ஸ்டெம் செல். தசை நாரை ஒட்டி, அதன் உறைக்கு அடியில் தூங்கிக் கிடக்குமாம். காயம் பட்டால் விழித்துப் பெருகி, தசையைச் சரிசெய்யும். சில மட்டும் அடுத்த காயத்துக்காகத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தட்டில் போட்டால் கதை வேறு. அத்தனையும் அவசர அவசரமாகத் தசையாகிவிடும், தூங்கப் போக ஆளே இருக்காது. விதைக்கு வைத்ததையும் தின்று தீர்த்த வீடு மாதிரி.

போன வருடம் இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. இடுப்பு ஆபரேஷனின்போது ஒரு பெண் சம்மதித்துக் கொடுத்த தசை அது. அதிலிருந்து எடுத்த செல்லைச் சின்னச் சின்னக் குப்பிகளில் உறையவைத்திருந்தார்கள். பெயர் கிடையாது, வயது மட்டும் எழுதியிருந்தது: அறுபத்தெட்டு. ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற பேராசிரியர் கையை விரித்துவிட்டார்.

"கிழ செல்லும்மா, இதுல ஒண்ணும் தேறாது. கடைசிக் குப்பியையும் பாத்துட்டு இந்த வேலைய மூடிடலாம்."

வீட்டில் வந்து சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் அறுபத்தெட்டுதான்.

"செல்லு மேல தப்பு இல்ல அத்தை," என்றாள். "படுக்கை சரியில்ல. தசை மெத்துனு இருக்கும். கல்லு மாதிரி தட்டுல போட்டுட்டுத் தூங்குன்னா எப்படித் தூங்கும்?"

மூன்று மாதம் விதவிதமாக ஜெல் செய்தாள். ஒன்று கொழகொழவென்று போயிற்று. ஒன்று ரப்பரானது. இன்னொன்று தட்டை விட்டு உரிந்து மிதந்தது. உயிருள்ள தசையின் மென்மை வந்துவிட்டதென்று கருவி சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டாள். அதன்மேல் தசை உறையில் இருக்கிற புரதத்தையும் பூசினாள்.

பிறகுதான் என் தலையில் இடியைப் போட்டாள். கடைசிக் குப்பியில் பாதியைப் பழைய பிளாஸ்டிக்கிலேயே போடப்போகிறாளாம்.

"பைத்தியமா உனக்கு? இருக்கிறதே ஒரு குப்பி. அதுலயும் பாதிய வீணாக்குவியா?"

"எல்லாத்தையும் ஜெல்லுல போட்டு நல்லா வந்தா, இந்தக் குப்பி நல்ல குப்பின்னு சொல்லிடுவாங்க அத்தை. பக்கத்துல பிளாஸ்டிக் இருந்தாத்தான் நம்புவாங்க."

"நீ சொல்றதுதான் சரி," என்றேன். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

ஒரு வாரத்தில் பிளாஸ்டிக்கில் போட்ட பாதி தசையாகித் தீர்ந்தது. ஜெல்லில் கணிசமானவை ஸ்டெம் செல்லாகவே இருந்தன. இரண்டையும் அடிபட்ட எலிகளின் தசையில் தனித்தனியாக வைத்தார்கள். ஜெல்லில் வளர்ந்தவை காயத்தை ஆற்றின, சில நாரோரம் போய்ப் படுத்துக்கொள்ளவும் செய்தன. அதே இடத்தில் மறுபடி காயம் பட்டபோது எழுந்தும் வந்தன. பிளாஸ்டிக்கில் வளர்ந்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வயதான செல் விழிக்கக் கொஞ்சம் தாமதமாகிறது என்பது மட்டும் உண்மையாம். எனக்கும் காலையில் அப்படித்தான்.

பேராசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "கிழ செல்லுன்னு சொன்னது என் தப்பு. வேலைய மூடல. எப்படி செஞ்சாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க." இவள் நாற்பது பேருக்கு முன்னால் நின்று விளக்கியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"தசை குடுத்த அந்தம்மாகிட்ட இதைச் சொல்ல முடியாது அத்தை. யாருன்னே தெரியாது. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா," என்றேன். "ஒண்ணு விடாம சொல்லு."