துடிப்பின் வாலைப் படித்த ஆக்னஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆக்னஸின் தம்பி வின்சென்ட் அழைத்தார். "ஏனுங்க சார், அக்கா போயிட்டாங்க," என்றார். கோவையில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் பல ஆண்டுகள் என்னோடு பணியாற்றிய பேராசிரியர் ஆக்னஸ் மறைந்துவிட்டார்.

மதுக்கரைக்காரர், சிமெண்ட் ஆலைத் தொழிலாளியின் மகள். அவர் ஆராய்ந்தது பல்சர்களை. செத்துச் சுருங்கிய பின்னும் வேகமாகச் சுழன்று, சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன்கள் அவை. அந்தத் துடிப்புகள் நம்மிடம் வரும் வழியெல்லாம் எலக்ட்ரான்கள் கலந்த மெல்லிய வாயு பரவிக் கிடக்கிறது. அதில் சிதறும் அலைகள் சுற்றுவழியில் தாமதமாக வந்து சேர்வதால், கூர்மையான துடிப்புக்கு ஒரு வால் முளைத்துவிடும். எங்களில் பலருக்கு அது தொல்லை. கணக்குப் போட்டு நீக்கிவிடுவோம். ஆக்னஸ் அந்த வாலைத்தான் படித்தார்.

ஒருமுறை தேவாலய மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசினார். சத்தியமங்கலம் மலைப்பாதையில் எதிரே வரும் லாரியின் விளக்கு, பனிமூட்டத்தில் பரந்து தெரிவதைச் சொன்னார். ஒரு பெண்மணி எழுந்து, "அப்ப அந்தப் பனி கெடுதல்தானுங்களே?" என்று கேட்டார்.

"லாரிக்காரருக்குக் கெடுதலுங்க. எனக்கு அந்த வெளிச்சம் இல்லீன்னா, அங்க பனி இருக்கறதே தெரியாதுங்களே!"

பிறகு ஒரு பல்சரின் வால் மாதத்துக்கு மாதம் நீள்வதைக் கண்டோம். குறுக்கே ஒரு வாயு மேகம் நகர்ந்து வருகிறது என்று இருவரும் கட்டுரை வெளியிட்டோம். பாராட்டுகள் குவிந்தன. உயர் அதிர்வெண் பதிவுகள் அதன்பின்தான் கைக்கு வந்தன. அதிர்வெண் கூடக்கூடச் சிதறல் குறையும் என்பதால், மேகம் என்றால் அவற்றில் வால் வெகுவாகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. பிழை எங்கள் கணினி நிரலில் இருந்தது.

துறைத் தலைவர், "யாருமே கண்டுபுடிக்கலை, விட்டுப்போடுங்க அம்மணி. பதவி உயர்வு வேற வரப்போகுது," என்றார்.

"நான் கண்டுபுடிச்சுட்டேனுங்களே சார்," என்றார் ஆக்னஸ்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவரைவிட எனக்குத்தான் ஆற்றாமை அதிகம். அவரோ நிரலைத் திருத்திவிட்டு, அடுத்த பல்சரை எடுத்துக்கொண்டார்.

அதில் சென்ற ஆண்டு வால் உண்மையாகவே நீண்டது. உயர் அதிர்வெண்ணில் சுருங்கவும் செய்தது. அதற்குள் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. வரைபடங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சந்தோசமா இருக்குதுங்க. ஆனா வேற யாராச்சும் தனியா கணக்குப் போட்டுப் பாக்கட்டுங்க சார். அப்பறம் அனுப்பலாம்."

வெளியூர் ஆய்வாளர் ஒருவர் தனியாகக் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்தார். போன வாரம் வின்சென்ட் தொலைபேசியை ஆக்னஸின் காதருகே பிடிக்க, "ஒத்துப்போச்சுங்க மேடம்," என்றேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அனுப்பிப்போடுங்க," என்றார்.

மதுக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் உச்சி வெயிலில் ஆளுக்கொரு பிடி மண் இட்டோம். வின்சென்ட் தன் கையிலிருந்ததை வெகுநேரம் விடாமல் நின்றார். வீடு திரும்பியதும் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன், ஆக்னஸ். முதல் பெயர் உங்களுடையது. போய் வாருங்கள்.